கோட்டுக்குள் இருந்தவள்

பத்து நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையர். அதனால் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். இருவருக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். ஆனால் தாய்மாமாவுக்குப் பெரியவள் என்றால் தங்கம், சின்னவள் என்றால் அப்படியே அப்பன் புத்தி. அந்த அப்பன் மூன்று கடை திறந்து, மூன்றையும் மூடி, கடைசியில் கண்ணையும் மூடியவர். சின்னவளும் ஒரு தையல் கடையை வைத்து இழுத்து மூடியபின் மாமாவுக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

மாமாவுக்கு ரெக்சின், ஸ்பாஞ்சு விற்கும் கடை. பெரியவள் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்காருவாள். கடையை ஒட்டி ஓர் அறை பூட்டியே கிடந்தது. அதில் வண்டி சீட்டுக்கு உறை தைக்க வேண்டும் என்று சின்னவளுக்கு ஆசை. வாடகை தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். மாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் பெரியவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல். லீவு என்றால் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சின்னவள் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மாமா என்றைக்கு முகத்தைப் பார்த்தார்? கோட்டைத்தான் பார்ப்பார். கடன் கேட்டு வந்தவனைச் சிரித்தபடியே திருப்பி அனுப்பினாள். வருஷக்கணக்காகத் தூங்கிய ரெக்சின் சுருள்களைப் பேசியே ஒரு தியேட்டர்காரருக்கு விற்றாள். மாமா ஊரெல்லாம் பெரியவள் புகழ் பாடினார்.

காய்ச்சல் விட்டுப் பெரியவள் வேலைக்குத் திரும்பினாள். அன்றே சின்னவளும் கூட வந்து மறுபடி அறையைக் கேட்டாள்.

"பேப்பர்லயே போட்டிருக்கான்மா. தொழில்ல ஜெயிக்கிறது, தோக்கிறது எல்லாம் ஜீன்லயே இருக்காம். உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, உங்கப்பன் ரத்தம்."

"அப்ப அக்கா உடம்புல ஓடுறது தண்ணியா?"

"அவளுக்கு எங்க பக்கத்து ரத்தம்."

"போன வாரம் இந்தக் கோட்டுக்குள்ள இருந்தது நான்தான் மாமா."

பெரியவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மாமா திகைத்துப் போனார். ஆனால் விட்டாரா?

"பாத்தியா, உனக்கும் எங்க ரத்தம் கொஞ்சம் இருக்கு!"

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நட்டம்னா அப்பா, லாபம்னா நீங்க. அப்ப நான் எதுக்கு மாமா இருக்கேன்? நான் கேட்டது ரூமு, ரத்தப் பரிசோதனை இல்ல. நாளைக்கு நட்டமே வந்தாலும் அது என் நட்டம். அதுல யாருக்கும் பங்கு கிடையாது."

மாமா பெரியவளைப் பார்த்தார், அவளாவது தங்கையை அடக்குவாள் என்று. துணிந்து ஒரு வார்த்தை பேசியறியாத அந்தத் தங்கம் கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தது.

"சாவியைக் குடுங்க மாமா. இல்லைன்னா நாளையிலேருந்து கடைக்கு இந்தக் கோட்டு மட்டும்தான் வரும்."

கோட்டில்லாமல் நின்ற இரண்டு முகங்களையும் மாமா மாறி மாறிப் பார்த்தார். எது தங்கம், எது அப்பன் புத்தி என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாவியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.