ஒரே பக்கமாய்ப் போகும் புள்ளிகள்

பேசுகிறவரின் முகத்தை நாகூர் மீரான் பார்ப்பதில்லை. அவர் தோளுக்கு மேலே கடலைப் பார்ப்பார். சாப்பாட்டுக் கடையிலும் தண்ணீர் தெரிகிற நாற்காலிதான் வேண்டும். "என்கிட்ட பேசறப்பகூட ஜன்னல் பக்கந்தான்லா கண்ணு," என்பார் மனைவி சலேஹா.

பினாங்குக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி கொண்டுபோகும் படகில் முப்பது வருட வேலை. முன்னால் நின்று தண்ணீரைப் பார்ப்பது அவர் பொறுப்பு. மிதந்து வரும் மரக்கட்டையை மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். "கண்ண ஒரே எடத்துல குத்தக் கூடாது, லூசா விடணும். அலை கண்டபடி மினுங்கும். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் ஒரே பக்கமா போகும்லா, அத கண்ணு தானா புடிச்சிக்கும்."

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை, கூட வேலை பார்த்த ஸுல்கிஃப்லி படகிலிருந்து தவறி விழுந்தார். மீரான் அந்தப் பக்கந்தான் பார்த்து நின்றார். வெயில் பட்டுத் தண்ணீர் முழுக்க மினுங்கியது. தலை தெரியவில்லை. மறுநாள் உடல்தான் கிடைத்தது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. துக்கம் கேட்கப் போனபோது ஸுல்கிஃப்லியின் மனைவி நூருல், "சாப்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்டார். அதன்பின் மீரான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

இந்த வருடம், பார்வையை ஆராயும் குமுதா என்கிற விரிவுரையாளர், கண்ணை நம்பிப் பிழைப்பவர்களைத் தேடிப் படகுத்துறைக்கு வந்தார். மீரான் தானாகவே பெயர் கொடுத்தார்.

இருட்டறையில் ஒரு திரை. நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் தாறுமாறாக அலையும். சில மட்டும் சேர்ந்தாற்போல் இடமோ வலமோ நகரும். எந்தப் பக்கம் என்று பொத்தானை அழுத்த வேண்டும். சேர்ந்து நகர்பவை குறையக் குறைய எந்தக் கண்ணும் திணறும்.

இடைவேளையில் குமுதா சொன்னார்: "ஒப்பிட்டுப் பாக்க ஆபீஸ்காரங்களையும் சோதிச்சோம், அவங்களுக்கு வந்த மார்க்குதாண்ணே உங்களுக்கும்."

"கண்ணு பழுதாம்மா?"

"இல்லண்ணே, நல்ல கண்ணு. நூறுல ஒண்ணு ரெண்டு புள்ளிதான் சேர்ந்து போவுதுன்னா, யாருக்குமே தெரியாது."

மீரான் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, மிச்சத்தையும் போடுங்க," என்றார்.

கடைசிப் படங்களில் சேர்ந்து நகரும் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. எல்லோரும் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தாண்டிப் போவார்கள். மீரானின் விரல் அசையவில்லை. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று.

"இதுல ஒண்ணுமே இல்லண்ணே. சும்மா ஒரு பக்கம் அமுக்குங்க."

"இரும்மா."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் திரைக்கு அருகே குனிந்தார்.