அழகம்மாவின் உடம்பை விட்டுப் போன நஞ்சு

பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அழகம்மா, கல்யாணமான பிறகு கண்டி டவுனில், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஹலீமின் ட்ரை கிளீனிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். எண்பதுகளின் கடைசி அது. கோட்டும் பட்டுச் சேலையும் அங்கே தண்ணீரில் வெளுப்பதில்லை. குளோரின் சேர்ந்த, இனிப்பு வாடை அடிக்கும் ஒரு திரவத்தில்தான் வெளுப்பார்கள்.

ஒரு மழை நாளில் மெஷின் குழாய் விட்டுப்போய், அந்தத் திரவம் பின்னறைத் தரையெல்லாம் பரவியது. துடைக்கப் போன ஹலீம் நானா அங்கேயே சாய்ந்துவிட்டார். மற்றவர்கள் வாசலில் தயங்கி நின்றபோது, அழகம்மா மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பின்கதவைத் திறந்தாள். அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்தாள். கனத்த மனிதர். பாதியில் அவளும் அந்தக் காற்றை மூச்சில் இழுக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஹலீம் நானாவுக்கு நினைவு திரும்பியது. அழகம்மாவைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர் சண்முகநாதன்.

"இதை முறிக்கத் தனியா மருந்தில்லை, பிள்ளை. உடம்பே வெளியேத்தும். கனக்கப் பங்கு மூச்சோட போயிடும். கொஞ்சத்தை ஈரல் மாத்தி மூத்திரத்தில அனுப்பும். கொழுப்பில தங்கினது மெல்லத்தான் வரும்."

"கைப்புள்ள இருக்குங்க ஐயா. பால் குடுக்கலாங்களா?"

"பாலிலயும் வரும். நான் சொல்லும்வரை குடுக்க வேண்டாம். வத்திப் போகாமல் பீச்சி ஊத்துங்கோ."

முதல் சில நாட்கள் அவள் வாய் திறந்தாலே கடை வாடை அடித்ததாக அவள் புருஷன் கறுப்பையா சொல்வார். குழந்தை புட்டியில் கரைத்துக் கொடுத்த மாப்பாலைத் துப்பியது, அழுதது. பால் கட்டி அழகம்மாவுக்குக் காய்ச்சலே வந்தது. ஆனாலும் ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. வேளை தவறாமல் பீச்சி ஊற்றினாள். டாக்டர் சரி என்று சொன்ன அன்று மார்பில் போட்டபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொறுமையாக மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுநாள்தான் குடித்தது.

ஹலீம் நானா மனைவி ருக்கியாவோடு வீட்டுக்கு வந்து, "திரும்ப வேலைக்கு வாங்க தங்கச்சி" என்றார்.

"அந்த மெஷின் மூடுன அறையில இருக்கிற வரைக்கும் வரமாட்டேங்க நானா. அங்க நின்னு வேலை பாக்குறவங்க எல்லாருக்காகவுந்தான் சொல்றேன்."

ருக்கியா கணவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். கடைக்குப் பின்னால் காற்றோட்டமான தனிக் கொட்டகை எழும்பி, மெஷின் அங்கே போன பிறகே அழகம்மா வேலைக்குத் திரும்பினாள்.