பரளச்சிக்கு ஒரு டிக்கெட்

அருப்புக்கோட்டையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பரளச்சிக்கு டிக்கெட் வாங்கினார். தேய்த்த வெள்ளைச் சட்டை, மடியில் காராச்சேவுப் பொட்டலம்.

பரளச்சியில் பஸ் நின்றதும் கண்டக்டர் சிரித்தார். “அண்ணாச்சி, இன்னைக்காவது எறங்குவீகளா?”

அவர் ஜன்னல் வழியே ஒரு பச்சை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரைட்டு குடுங்க தம்பி. அடுத்த ஊருக்கு ஒரு டிக்கெட்டு.”

“உங்க ஊரு இல்லையாண்ணே?” என்றேன்.

“எங்க ஊருதான். உப்புத்தண்ணி குடிச்சது போதும்னு நாந்தான் வீட்ட வித்துட்டுத் திருப்பூரு போனேன். அதுல வருத்தமில்ல. ஆனா இப்ப எறங்குனா, ‘வாங்க, சாப்பிட்டுப் போங்க’ம்பாக. சொந்த ஊருல விருந்தாளியா எப்பிடித் தம்பி உக்கார்றது?”

அடுத்த ஊரில் இறங்கும்போது, பிரிக்காத பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். எந்த வீட்டுக்கென்று வாங்கினாரோ.