எடைமேடைக்கு முன் நின்ற லாரிகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலை. அதன் சர்வரை நானும் என் தோழியும் சில வருடங்கள் பார்த்துக்கொண்டோம். நான் பெரியபாளையத்திலிருந்து பஸ்ஸில் போவேன். அவள் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். வீட்டில் அவளுக்குத் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

சர்வர் அறை கிடங்கை ஒட்டியிருந்தது. ஆலையிலேயே ஏசி ஓயாமல் ஓடிய இடம் அதுதான். மதியச் சாப்பாடும் எங்களுக்கு அங்கேதான். 'இங்கே உணவருந்தக் கூடாது' என்று ஒட்டியிருந்த தாளுக்குக் கீழேயே டப்பாவைத் திறப்போம். அவள் கொண்டுவரும் கோங்கூரா என்ற புளிச்சகீரைத் துவையலின் வாசனை மாலை வரை அறையை விட்டுப் போகாது.

அன்று ஆடி வெள்ளி. பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் ஊரைத் தாண்டியது. நான் போய் இறங்கியபோது கிடங்கிலிருந்து ஆலை வாசல் வரை லாரிகள் நின்றிருந்தன. எடைமேடையில் ஏறி, எடைச்சீட்டு வாங்கினால்தான் லாரி வெளியே போக முடியும். சீட்டு எங்கள் சர்வர் வழியாகத்தான் அச்சாகும். அது வரவில்லை.

"வந்தியா? இத்தப் பாரு," என்றாள் தோழி. "சர்வரு மூச்சு வுடாம ஓடிக்கினு கீது. எடைமேடைக்காரரு கூப்டா அதுக்குக் காதே கேக்கல."

திரையில் ஒரே பெயர் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. சென்னைத் தலைமை அலுவலகம் புதிதாக அனுப்பியிருந்த பாதுகாப்பு ஸ்கிரிப்ட் அது. சர்வரில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் யாராவது தொட்டு மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பது அதன் வேலை. நல்ல வேலைதான். ஆனால் ஒன்று மட்டும் ஓட வேண்டிய இடத்தில் அதே ஸ்கிரிப்ட் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன்டி. மறுபடி மறுபடி வருது."

அதைக் கிளப்பிவிடும் டைமரைத் திறந்து பார்த்தேன். முன்னால் போனது வேலையை முடித்ததா என்று கேட்காமலே அடுத்ததை அனுப்பிக்கொண்டிருந்தது. சரி, முன்னால் போனது ஏன் முடியவில்லை? அதற்குத்தான் நேரம் பிடித்தது. இருவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். ஒரு மாற்றத்தைக் கண்டால் ஸ்கிரிப்ட் அதைத் தன் லாகில், அதாவது பதிவு ஃபைலில், எழுதுகிறது. அந்த லாக் இருக்கும் இடத்தையும் அதுவே சோதிக்கிறது. எழுதியதால் லாக் மாறுகிறது. மாறியதைக் கண்டு மறுபடியும் எழுதுகிறது.

தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தானே எழுதிட்டு, ஆரோ எழுதிட்டாங்கன்னு தானே கூவுதா?"

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தோம். பாதுகாப்பு ஸ்கிரிப்டை நிறுத்தக் கூடாது, மேலே கேட்க வேண்டும், மேலே இருப்பவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள்.

அந்த நேரத்தில் ஒரு லாரி டிரைவர் கதவருகே வந்து நின்றார். எங்களிடம் வர அவருக்கு அனுமதி கிடையாது. எப்படியோ வந்திருந்தார்.

"மேடம், பேஜாரா கீது. ஊட்டுக்காரி கொழந்தயத் தூக்கிக்கினு பெரியபாளையத்துல ஒக்காந்துகினு கீறா. வேப்பஞ்சேல வேண்டுதல். லோடு திருவள்ளூருக்குத்தான், போற வழிதான். நா போனாத்தான் மேடம் ஆவும்."

வேப்பிலையை உடுத்திக் கோயிலைச் சுற்றும் அந்தக் கூட்டத்தை நான் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தோழி அவரைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.

"நிறுத்திரலாம்டி. எம் பேரப் போட்டு மெயில் அனுப்பறேன். கேட்டா நா சொல்லிக்கறேன்."

"ரெண்டு பேரும் போடலாம்," என்றேன்.

முதலில் டைமரை நிறுத்தினோம். பிறகு குவிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக முடித்தோம். இந்த முறை எதுவும் திரும்ப வரவில்லை. சர்வரின் விசிறி மெல்ல இறங்கி அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் எடைமேடை பிரிண்டர் கரகரவென்று அடிக்கத் தொடங்கியது.

டிரைவர் ஓடினார். அவர் வண்டி வரிசையில் பின்னால் நின்றிருந்தது. விஷயம் மற்ற டிரைவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது போலும். ஒருவர் இறங்கிக் கைகாட்ட, முன்னால் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கின. அந்த நெரிசலில் அது சாதாரணக் காரியமில்லை. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அவர் வண்டி எடைமேடையில் ஏறி, சீட்டு வாங்கி, ஹாரன் அடித்துக்கொண்டே வெளியே போனது.

மதியத்துக்குப் பிறகு லாக் இருக்கும் இடத்தை மட்டும் விலக்கினோம். ஒன்று ஓடும்போது இன்னொன்று கிளம்பாதபடி வரிகள் சேர்த்துத் திரும்ப ஓடவிட்டோம். தலைமை அலுவலகத்திலிருந்து நன்றாகத் திட்டு விழுந்தது. பிற்பாடு எல்லா ஆலைகளுக்கும் புது ஸ்கிரிப்ட் வந்தது. உள்ளே நாங்கள் எழுதிய அதே வரிகள், எழுத்து மாறாமல். எங்கள் பெயர் எங்கும் இல்லை.

"டப்புதான் ஏத்தித் தரல, பேரையாவது போடக் கூடாதா?" என்றாள். அன்று சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தோம்.

சர்வர் இப்போது அந்த ஆலையில் இல்லை, கிளவுடுக்குப் போய்விட்டது. தோழி ஐதராபாத்தில் இருக்கிறாள். நான் திருவள்ளூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சர்வர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. ஏதாவது கட்டுமீறி ஓடினால் போனில் ஒரு சத்தம் வரும். நிறுத்துவேன், காரணம் எழுதுவேன், முடிந்தது. வேலை சுலபம்தான். யாருக்காக நிறுத்தினேன் என்பது மட்டும் தெரிவதில்லை. சில சமயம் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் எழுந்துபோய் டீ போட்டுக்கொள்வேன்.