முன்படைப்புகள்: எதுவுமில்லை

தண்டர் பே நகரத்து லைல் ஹர்யுவை யாரும் ஏமாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏமாறுவதற்கு எதிரில் இன்னொரு ஆள் வேண்டும். லைல் எப்போதுமே தனியாக வேலை பார்ப்பவர்.

வீட்டின் நிலக்கீழ் அறையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பது அவர் தொழில். மர ஆலை, பல் மருத்துவர், பனி அள்ளும் ஒப்பந்தக்காரர் என்று பலருக்கும் எழுதினார். ஆனால் ஆயுளில் செய்த உருப்படியான காரியம் எது என்றால், உள்ளூர் கர்லிங் கிளப்புக்குச் சும்மா எழுதிக்கொடுத்த அட்டவணை நிரல்தான். பனித்தளத்தில் கனத்த கல்லை ஒருவர் வழுக்கிவிட, அதற்கு முன்னால் இருவர் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே போகும் ஆட்டம் கர்லிங். அந்த ஊரில் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஆடுவது சுலபம். யாரை எந்த மாலையில், எந்தத் தளத்தில் ஆடவிடுவது என்பதில்தான் தாவு தீர்ந்துவிடும். நிக்கலா சகோதரர்கள் தகப்பனாரின் படகு விஷயத்தில் பேச்சை நிறுத்தியவர்கள். அவர்களைப் பக்கத்துப் பக்கத்துத் தளத்தில் விடக்கூடாது. செவிலியர்களுக்கு இரவுப் பணி உண்டு. கார்லின் முன்னாள் மனைவி ஆடும் மாலையில் கார்ல் கிளப்பின் மதுக்கூடத்தில் இருக்கக்கூடாது, இருந்தால் பாடுவார். கிளப் மேலாளர் வெர்னா பொலாஸ்கி இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, லைல் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் நிரலைச் செதுக்கினார். வெர்னா ஒரு பொத்தானை அழுத்துவார். பருவம் முழுவதற்கும் அட்டவணை வந்து விழும். ஊரில் அமைதி நிலவும்.

அப்போதுதான் டொராண்டோக் கம்பெனி ஒன்று லைலைத் தேடி வந்தது. முதியோர் இல்லங்களில் ஊழியர்களுக்கு வேலைநேரம் பிரித்துக்கொடுக்க மென்பொருள் வேண்டுமாம். லைல் கர்லிங் நிரலிலிருந்து ஊர்க்காரர்களின் பெயர்களைக் களைந்துவிட்டு, உள்ளே இருந்த மூளையை மட்டும் எடுத்துப் புதியதற்குள் வைத்தார். முதியோர் இல்லங்களிலும் மனஸ்தாபத்துக்குப் பஞ்சமில்லை. அருமையாக ஓடியது.

அந்த வேலைக்கான ஒப்பந்தத்தில், எழுதியதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று இருந்தது. தொழிலில் அது வழக்கம்தான். எழுதியவர் என்று தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமையையும் விட்டுவிட வேண்டும் என்று இன்னொரு வரி. பெயர் கிடக்கிறது என்று அதையும் விட்டார். கடைசிப் பக்கம் இணைப்பு அ. இந்த வேலைக்கு முன்பே நீங்கள் எழுதி, உங்களிடமே இருக்க வேண்டிய படைப்புகள் எவை? இப்படித் தட்டில் வைத்துக் கேட்கும் ஒப்பந்தம் அமைவதே அபூர்வம்.

லைல் ‘கர்லிங் அட்டவணை நிரலின் மூளை’ என்று எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தார். மனம் கூசியது. விருந்துக்குப் போன வீட்டில், வாசலிலேயே நின்று என் செருப்பைத் தொடாதீர்கள் என்று சொல்வதுபோல் இல்லையா இது? அந்த நாட்டில் உங்கள் காலை ஒருவர் மிதித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள். லைல் அந்த நாட்டவர்களிலேயே கொஞ்சம் கூடுதல். எழுதியதை அழித்துவிட்டு ‘எதுவுமில்லை’ என்று போட்டார். பக்கம் பார்க்கச் சுத்தமாக இருந்தது.

அப்புறமும் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கம்பெனிக்குச் சரக்கு நன்றாக விற்கட்டுமே என்ற நல்லெண்ணத்தில், “எங்க ஊரு கிளப்புல இது பல வருஷமா ஓடுது, ஒரு தடவைகூட மக்கர் பண்ணினதில்ல” என்று அவரே அவர்களுக்குத் தகவல் சொன்னார். கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து நதீன் போஷ்மேன் என்ற பெண்மணி தொலைபேசியில் அழைத்தார்.

“மிஸ்டர் ஹர்யு, அந்தக் கிளப்புல எந்த உரிமத்துல அதை ஓட்டுறாங்க?”

“உரிமமெல்லாம் கிடையாதுங்க. வெர்னா பொத்தானை அழுத்துவா. ஓடும்.”

“ஆனா அது எங்களோடதாச்சே.”

“அது உங்க வேலைக்கு முன்னாடியே எழுதினதுங்க.”

“முன்னாடி எதுவுமே எழுதலன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“மன்னிச்சுக்குங்க,” என்றார் லைல்.

நதீன் கல்நெஞ்சக்காரர் அல்ல. கிளப்புக்கு உரிமத்தை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். கிளப் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும். லைல் பெருமூச்சு விட்டுவிட்டு அந்தத் தாள்களை வெர்னாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வெர்னாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையெழுத்துப் போடும் தாளைப் படித்துப் பார்ப்பார்.

“ஏன் லைல், இதை நீ படிச்சியா?”

“மேலாப்ல.”

“அதான் தெரியுதே. நாம உள்ள போடுற விவரத்தையெல்லாம் அவங்க எடுத்து வச்சுக்கலாமாம், வேற எடத்துலயும் பயன்படுத்திக்கலாமாம். கார்ல் பாடுறது டொராண்டோவுக்கு எதுக்கு?”

“பேரை எடுத்துட்டுத்தான் வச்சுக்குவாங்க.”

“பேரை எடுத்தா மட்டும்? நம்ம ஊர்ல பாடுறது ஒரே ஆளுதான்.” வெர்னா தாள்களை மடித்து அவரிடமே நீட்டினார். “ஜனங்க என்னை நம்பித் தனியா சொன்ன சங்கதி இதெல்லாம். நான் உன்னை நம்பிச் சொன்னேன். நீ தூக்கி வித்துட்டு வந்து நிக்கிற.”

“விக்கல வெர்னா. சொல்ல விட்டுட்டேன், அவ்வளவுதான்.”

“வித்திருந்தாகூடத் தேவல. மனுஷன் ஏதோ கஷ்டம்னு நினைச்சிருப்பேன். சரி போ, வேற ஒண்ணு எழுதிக் குடு,” என்றார்.

“எழுதலாம். ஆனா அதே மாதிரி எழுதக் கூடாது.”

“வேற மாதிரி எழுதேன்.”

“நல்லா எழுதுற மாதிரிதான் இப்ப அவங்களோடது. எனக்கு மிச்சம் இருக்கிறது மோசமா எழுதுற மாதிரி.”

மோசமாகத்தான் எழுதினார். அதற்குச் சிரமப்பட வேண்டியிருந்தது. கை தானாகப் பழைய வழிக்குப் போகும். அதை இழுத்துப் பிடித்துச் சுற்றுப்பாதையில் திருப்பிவிட வேண்டும். தன்னையே காப்பியடித்துவிடாமல் தனக்கே காவல் இருந்த மனிதர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். முதல் அட்டவணை வந்தது. நிக்கலா சகோதரர்கள் இருவரும் ஒரே அணி. வெர்னா அதைத் திருப்பிக் கொடுத்தபோது திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம் என்று லைலுக்குத் தோன்றியது.

கடைசியில், கிளப் கணினியிலிருந்து பழைய நிரலை அவரே அழித்தார். எந்த வடிவிலும் தன்னிடம் பிரதி இல்லை என்று கம்பெனிக்கு உறுதிமொழி தர வேண்டியிருந்தது. நேர்மையான ஆள், சந்தேகம் வந்து நதீனை அழைத்தார்.

“தலைக்குள்ள ஒண்ணு இருக்குங்களே, அதுக்கு என்ன செய்யணும்?”

“அது இருந்துட்டுப் போகட்டும், மிஸ்டர் ஹர்யு. வெளிய எடுக்காம இருந்தாப் போதும்.”

அன்று மாலை வெர்னா மதுக்கூடத்து நீள மேசையில், அட்டவணையைக் கையாலேயே போடுவதற்காக ஆளுக்கு ஒன்றாக அட்டைகளை வெட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். உதவலாமா என்று கேட்டு லைலும் எதிரில் உட்கார்ந்தார். வெர்னா யார் தலையிலும் கட்டிவிடக்கூடிய நல்ல மனிதர்களை முதலில் எடுத்து வைத்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மேசை மளமளவென்று நிறைந்தது. கையில் கடைசியாகச் சில அட்டைகள் மட்டும் தங்கின: இரவுப் பணிக்காரர்கள், பேசாதவர்கள், பாடுகிறவர். அவர்களுக்கு எங்குமே இடமில்லை. வெர்னா எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, மறுபடியும் நல்லவர்களிலிருந்தே ஆரம்பித்தார்.

தொல்லை பிடித்தவர்களை முதலில் உட்காரவை. நல்லவர்கள் எங்கே போட்டாலும் பொருந்திக்கொள்வார்கள். அந்த நிரலின் மூளை என்பது மொத்தத்தில் இவ்வளவுதான். ஒரு வாக்கியம். அது இப்போது டொராண்டோவில் ஒரு கம்பெனியின் சொத்து.

லைலின் உதடு அசைந்தது.

“என்னமோ சொல்ல வந்தியே?” என்றார் வெர்னா, அட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணுமில்ல,” என்றார் லைல். “காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமான்னு கேக்க வந்தேன்.”

“ஊத்து.”