ஹார்ன் அடித்துக்கொண்டே வந்த சலவை வேன்

சென்ற ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில், பினாங்குத் தீவின் மேற்குக் கரையைச் சுற்றிப் போகும் சாலையில் நடந்தது இது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை, நடுவில் என் ஏழு வயதுக் கார். முன்னிருக்கையில் மனைவி. பின்னிருக்கையில் பதினான்கு வயது மகள். அவள் பக்கத்தில், சீட் பெல்ட் போட்டபடி ஒரு ரைஸ் குக்கர். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவன் எதற்கு ரைஸ் குக்கர் கொண்டு போகிறான் என்று கேட்காதீர்கள். அதற்கு நான் வீட்டிலேயே போதுமான அளவு திட்டு வாங்கிவிட்டேன்.

நான் குடியிருப்பது சிங்கப்பூரில், புக்கிட் மேராவில். புக்கிட் என்றால் மலாயில் குன்று. பெயரில்தான் குன்று. அன்றாடம் நான் காரில் ஏறி இறங்கும் மாபெரும் மலை, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்தத்தில் இருக்கும் சரிவுப்பாதைதான். அந்த அனுபவத்தை நம்பித்தான் கடலோர மலைச்சாலையில் இறங்கினேன். வளைவுச் சாலைக்கென்று நானே ஒரு உத்தியும் கண்டுபிடித்திருந்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே கூடாது. அவ்வளவுதான்.

காலை முழுக்க அப்படியே ஊர்ந்தோம். கடல் தெரிந்த இடத்திலெல்லாம் மகள் படம் எடுத்தாள். சாலை மலைமேல் ஏறி மறுபக்கம் இறங்கத் தொடங்கியபோது, பின்னால் ஒரு வெள்ளை வேன் வந்து ஒட்டிக்கொண்டது. ஹோட்டல் துணிகளை வெளுத்துக் கொண்டுபோகும் சலவை வேன். உடனே ஹார்ன். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் ஹார்ன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லையைத் தாண்டி மலேசியாவுக்குப் போகும் சிங்கப்பூர்க்காரனுக்கு நாங்கள் சொல்லி அனுப்பும் அறிவுரை ஒன்று உண்டு. நம் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் வம்புக்கு வருவார்கள். யார் ஹார்ன் அடித்தாலும் நிறுத்தாதே, கண்ணாடியை இறக்காதே. நானே பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன், அதுவும் நேரில் பார்த்த மாதிரி.

"வழி விட்டுடுங்களேன். அவசரமோ என்னமோ," என்றாள் மனைவி.

"எதுக்கு விடணும்? ரோடு அவங்க அப்பன் வீட்டு ரோடா?"

அந்த வேன் ஹார்ன் அடிக்க அடிக்க நான் வீம்புக்கு வேகத்தை இன்னும் குறைத்தேன். வேகத்தைக் குறைப்பதென்றால் பிரேக்கை இன்னும் அழுத்துவது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் என் சக்கரத்தைக் காட்டி ஏதோ சைகை செய்தார். இவனும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவு கட்டினேன்.

"அப்பா, ஏதோ பொசுங்குற வாடை வருது," என்றாள் மகள்.

"பின்னால வர்ற வண்டியிலேருந்து வருதும்மா. நம்ம ஊர்ல மாதிரி இங்கல்லாம் ஒழுங்கா இன்ஸ்பெக்ஷன் பண்ண மாட்டாங்க." தொடர்ந்து, சிங்கப்பூரில் வாகனப் பரிசோதனை எவ்வளவு கறாரானது என்று ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். நான் பேசிக்கொண்டிருந்தபோதே என் கால் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் இறங்கியது. பஞ்சுத் தலையணையை மிதிப்பதுபோல் இருந்தது. கார் வேகம் குறையவில்லை. எதிரே வளைவு. வளைவுக்கு அப்பால் ஒரு தகரத் தடுப்பு, அதற்கு அப்பால் கடல்.

என் சிற்றுரை அங்கே முடிந்தது.

அதே நொடியில் வேன் என்னை ஒட்டி வலப்பக்கம் வந்தது. ஓட்டியவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு. ஏதோ கத்தினார். என் விரல் கண்ணாடிப் பொத்தானுக்குப் போகவே இல்லை. மகள்தான் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, சக்கரம் புகையுது லா! கியரை எல்லுல போடுங்க! எல்லு!"

கியர் தண்டின் பக்கத்தில், கடைசியில் இருக்கும் அந்த L என்ற எழுத்தை நான் ஏழு வருஷமாகப் பார்த்து வருகிறேன். கற்றுக்குட்டிகளுக்கானது என்று நினைத்தேனோ என்னவோ, ஒருமுறைகூடத் தொட்டதில்லை. போட்டேன். எஞ்சின் அலறியது. கார் ஒரு குலுங்கு குலுங்கி வேகம் தணிந்தது. "கை பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமா இழுங்க, ஒரேடியா இழுக்காதீங்க!" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார். வளைவைத் தாண்டிச் சாலையோரம் மண்மேடாக இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டினார். அந்த மேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு என் கார் நின்றது.

இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் இரண்டிலும் புகை. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"ஊத்தாதீங்க! சூட்டுல பிரேக் டிஸ்க் வெடிச்சிடும். சும்மா உட்காருங்க, தானா ஆறும்." பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மேலேருந்து அடிக்கிறேன், அடிக்கிறேன், நீங்க பாட்டுக்குப் போறீங்க. காது கேக்காதோன்னு நெனச்சேன்."

"கேட்டுச்சு," என்றாள் என் மனைவி.

"சிங்கப்பூர்ல மலையே கிடையாதாண்ணே?"

"புக்கிட் தீமா இருக்கு."

"அதுல கார்ல ஏறுவீங்களா?"

"இல்ல, நடந்துதான்."

"அப்ப சரி," என்றார் அவர். என் மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். அந்தப் பெண்மணி வேனிலிருந்து ஒரு வெளுத்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அரைமணி நேரத்துக்கு மேல் எங்களோடு காத்திருந்தார். இடையில் அவருடைய முதலாளி போனில் கத்தியது எங்களுக்கே கேட்டது. "வழியில ஒரு குடும்பம் நிக்குது, முதலாளி. விட்டுட்டு வர முடியாது," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். சக்கரம் ஆறிய பிறகு, என் வேகத்துக்கு ஏற்ப முன்னால் மெதுவாக ஓட்டி, அடிவாரத்து ஊரில் ஒரு பட்டறை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நான் பெல்ட்டைக் கழற்றி இறங்குவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் லிட்டில் இந்தியாவில், தேக்கா உணவு நிலையத்தில் ஒரு நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். என்னைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன், அதற்கு நான் தகுதியானவன்தான். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "கார்லேருந்து ஒண்ணும் காணாமப் போகலையே?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையே அதிர்ந்தது. "உயிரைக் காப்பாத்தின பொம்பளையப் பத்தி என்ன பேச்சு இது?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நண்பர் மிரண்டுபோய், "சும்மா கேட்டேன் லா," என்றார். சும்மாதான் கேட்டார், தெரியும். நானும் இத்தனை வருஷமாக அப்படிச் சும்மாதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவர்மேல் வந்த கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. அன்று அந்தச் சரிவில் பிரேக்கின்மேல் நான் வைத்து அழுத்தியது என் காலை மட்டுமல்ல, முகம் பார்க்காத ஒருவர்மேல் எனக்கிருந்த சந்தேகத்தையும்தான். அந்தப் பாரத்தோடு சேர்த்து என் மனைவியையும் மகளையும் கடலை நோக்கி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.