லாடத்தில் தடவிய எண்ணெய்

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் குதிரை வண்டி ஓட்டிய வேதகிரி, பெண்டாட்டி தேவகி செத்து ஒன்பது மாதமாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரன் என்றது ஊர். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவனுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. கொள்ளு வைப்பான், வண்டி பூட்டுவான், சவாரி போவான். அவ்வளவுதான்.

எழுபத்தெட்டில்தான் மானாம்பதிச் சாலைக்குத் தார் போட்டார்கள். ஆயுத பூஜையன்று குதிரையைக் குளிப்பாட்டிக் குளம்புக்கு விளக்கெண்ணெய் தடவுவது வண்டிக்காரர்கள் வழக்கம். நம்ம ஆளுக்கு எதிலும் கொஞ்சம் கூடுதல் ஆசை. அந்த வருஷம் லாடமும் பளபளக்கட்டும் என்று காலைத் தூக்கி அடிப்பக்கமும் தடவினான். பூஜையன்று வண்டி பூட்டுவதில்லை. குதிரை நாளெல்லாம் வைக்கோல் மேலேயே நின்றது. எண்ணெய் அப்படியே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. முதல் சவாரி ராசியாக இருக்கட்டும் என்று தேவகியையே ஏற்றிக்கொண்டு மானாம்பதியிலிருந்த அவள் தாய்வீட்டுக்குக் கிளம்பினான். அவன் வீட்டு வாசலே தார்ச் சாலை; எண்ணெயைத் துடைக்க வழியில் மண் தரையே இல்லை. ஏரிக்கரை இறக்கத்தில் குதிரை சறுக்கி விழுந்து வண்டி குடைசாய்ந்தது. தேவகியின் தலை மதகுக் கல்லில் மோதியது. தாரில் நீளமாக எண்ணெய்க் கோடு ஒன்று மின்னியதை வேதகிரி பார்த்தான்.

எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம், லாடம் சரியில்லை என்று அவன் வாய் சொல்லிவிட்டது. லாடம் அடித்தவர் சாமுவேல். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புருஷனே சொல்லும்போது அவர் பேச்சு யார் காதில் ஏறும்? மற்ற வண்டிக்காரர்கள் லாடம் அடிக்கக் காஞ்சிபுரம் போக ஆரம்பித்தார்கள்.

ஆடி பிறந்ததும் சாமுவேல் தானாகவே வேதகிரி வீட்டுக்கு வந்தார். இந்தத் தார் ரோட்டில் இன்னொரு உயிர் போகக்கூடாது என்றார். தேய்ந்த லாரி டயரை லாடத்தின் அளவுக்கு வெட்டி, லாடத்துக்கு அடியில் பொருத்தி, ஆணித் தலைகளை முழுசாக இறக்காமல் கொஞ்சம் வெளியே நிற்கும்படி அடித்தார். வேதகிரி குதிரைக் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தான். எண்ணெய் தடவியதை மட்டும் சொல்லவில்லை. கோழை, வேறென்ன!

அந்த வாரமே தேவகியின் அம்மா சிட்டம்மாள் உத்திரமேரூருக்கு வந்துவிட்டு அவன் வண்டியிலேயே திரும்பினாள். ஏரிக்கரை இறக்கத்தில் பிடிமானம் தப்பாமல் குதிரை நிதானமாகக் கால் வைத்தது. சிட்டம்மாள் லாடத்தின் அடியில் இருந்த டயரை எட்டிப் பார்த்தாள்.

"இத்த அப்பவே பண்ணியிருந்தா எம்பொண்ணு உசுரோட இருந்திருப்பா. அந்த லாடக்காரப் பாவி நல்லா இருப்பானா?"

வேதகிரி கடிவாளத்தை இழுத்து வண்டியை நிறுத்தினான்.

"அவர் மேல தப்பு இல்ல அத்தே. லாடம் நல்லாத்தான் இருந்திச்சு. பூசைக்கு அடியில எண்ண தடவினது நான். தொடைக்காம ஓட்டிக்கினு வந்ததும் நான்."

சிட்டம்மாள் அழவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை. மெல்ல இறங்கினாள்.

"அந்த மனுசன் வூட்டு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்தினேனேடா" என்றாள்.

மானாம்பதிப் பக்கம் போகாமல், வந்த வழியே உத்திரமேரூரைப் பார்த்து நடந்தாள். வேதகிரி வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனான். சாமுவேல் வீடு வரைக்கும் அவள் நடந்தே போனாள்.